சந்தையில் கிடைக்காதவை

வீட்டுத் தோட்டம் போடப் போகிறேன் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் தக்காளியில்தான் ஆரம்பிக்கிறார்கள். நாற்று எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் காய்க்கும், ஒரு செடிக்கு எத்தனை கிலோ வரும் என்று கேட்பார்கள். நான் அவர்களுக்குத் தக்காளியைச் சொல்வதில்லை. ஒரு தூதுவளைத் தண்டையும் ஒரு பிடி புளிச்சக்கீரை விதையையும் கொடுத்து அனுப்புகிறேன். தக்காளி விழுப்புரம் மார்க்கெட்டில் வருஷம் முழுக்கக் கூடை கூடையாக இறங்குகிறது. ஐப்பசி மழையில் விலை ஏறும், தை பிறந்ததும் இறங்கும். தூதுவளையோ கீரைக்காரம்மா நினைத்துக்கொண்டு கொண்டுவந்தால் உண்டு. குழந்தைக்குச் சளி கட்டி, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு ரசம் வைக்க வேண்டும் என்றால் அது வீட்டு வேலியில் இருக்க வேண்டும். இருக்கிற கொஞ்ச இடத்தில் காசு கொடுத்தாலும் கிடைக்காததை முதலில் வையுங்கள், மற்றதெல்லாம் பிறகு என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

இது எனக்குத் திண்டிவனத்தில் கிடைத்த பாடம். கிடங்கல் பக்கத்தில் எங்கள் ஆயாவுக்கு ஒரு ஓட்டு வீடும் அதன் பின்னால் நீளமான தோட்டமும் இருந்தன. சங்க காலத்தில் ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் கோட்டை இருந்த கிடங்கில்தான் இந்தக் கிடங்கல் என்று பின்னாளில் தமிழ் வகுப்பில் சிறுபாணாற்றுப்படை படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். சின்ன வயதில் எனக்குக் கிடங்கல் என்றால் ஏரியும், அந்த ஏரி மண்ணும்தான்.

திண்டிவனத்து மண்ணைக் கடப்பாரை போட்டுத் தோண்டியவர்களுக்கு அதன் குணம் தெரியும். மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே சரளை. தண்ணீர் ஊற்றினால் கண் முன்னாலேயே உள்ளே போய்விடும், சாயங்காலம் மறுபடி வறண்டு நிற்கும். இந்த மண்ணில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை நன்றாக வரும், கேழ்வரகு வரும், தர்ப்பூசணி வரும். கத்தரிக்காயும் கீரையும் அப்படியே வராது. அதற்கு மண்ணைச் செய்ய வேண்டும். ஆயா மண்ணை வருஷா வருஷம் செய்தாள்.

சித்திரை, வைகாசியில் ஏரி வற்றியதும் ஒரு மாட்டு வண்டிக்காரரிடம் சொல்லி வண்டல் அடிப்பாள். அப்போது யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இப்போது வட்டாட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். வாங்கியாவது ஒரு டிராக்டர் வண்டல் அடித்துக்கொள்வது நல்லது. அந்தக் கறுப்பு மண் சரளையோடு சேர்ந்தால்தான் ஈரம் தங்கும். வண்டலை அப்படியே கொட்டினால் வெயிலில் வெடித்துப் பாளமாகிவிடும். அதனால் கட்டியை உடைத்து, எருவோடும் செம்மண்ணோடும் கலந்து பாத்தியில் போடுவாள்.

இன்னொன்று மல்லாட்டைத் தோல். திண்டிவனத்தைச் சுற்றி மல்லாட்டைதான் பேர் வாங்கிய பயிர். எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையமே இங்கேதான் இருக்கிறது, டி.எம்.வி. என்று தொடங்குகிற நிலக்கடலை ரகங்களும் எள் ரகங்களும் திண்டிவனத்தின் பெயரைச் சுமந்துகொண்டுதான் ஊர் ஊராகப் போயின. மல்லாட்டை உடைக்கிற மில்களுக்கு வெளியே தோல் குவிந்து கிடக்கும். செங்கல் சூளைக்குப் போனது போக மிச்சத்தைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வரலாம். ஆயா அதை இரண்டு விதமாகப் பயன்படுத்தினாள். புதுத் தோலை மூடாக்காக மட்டும், அதாவது செடியைச் சுற்றி மேலாகப் பரப்புவாள். மண்ணுக்குள் வைப்பதற்கென்றால் மாட்டுக் கொட்டகைத் தரையில் பரப்பி, கோமியத்தில் ஊறவிட்டு, சாணியோடு வழித்து எருக்குழியில் தள்ளுவாள். அது அடுத்த ஆடிக்குத்தான் பாத்திக்கு வரும். காரணம் அவள் சொன்னதில்லை. பின்னாளில் படித்தபோது புரிந்தது. மல்லாட்டைத் தோல் மரத்தன்மை உள்ளது, மெதுவாக மக்குவது. பச்சையாக மண்ணில் புதைத்தால் அது மக்குவதற்கே மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளுத்துப்போகும். கோமியத்தில் தழைச்சத்து இருக்கிறது. ஒரு வருஷம் ஊறி மக்கிய தோல் செடியிடமிருந்து எதையும் பிடுங்காது.

பாத்திகளை அவள் பள்ளமாக எடுப்பாள். சுற்றிலும் வரப்பு உயர்ந்து, செடி ஒரு சாண் கீழே நிற்கும். ஊற்றுகிற ஒவ்வொரு குடமும் வேரடியிலேயே தங்கும். தண்ணீருக்குத் திண்டிவனம் என்றைக்கும் ஏங்கிய ஊர். வீட்டில் ஒரு சொட்டு வீணாகாது. குளிக்கிற கல்லிலிருந்து ஒரு வாய்க்கால் நேராக வாழைக்குப் போகும், வாழையைத் தாண்டிச் சேப்பங்கிழங்குக்குப் போகும். சோப்புத் தண்ணீரை நாற்றுக்கும் கீரைக்கும் விடமாட்டாள். அரிசி களைந்த தண்ணீர், பருப்புக் கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் மூன்றுக்கும் தனித்தனிச் செடிகள் உண்டு. மரக்காணத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவருகிறவர் வந்துபோன நாளில் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் விருந்து. செதிலையும் குடலையும் வேரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் குழி பறித்துப் புதைத்து, நாய் கிளறாமல் மேலே ஒரு கல்லை வைப்பாள்.

இத்தனையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தோட்டத்துக்கென்று எங்கள் வீட்டில் யாரும் காசு செலவு செய்ததாக எனக்கு நினைவில்லை. ஏரியில் கிடந்தது, மில்லில் ஒதுக்கியது, கொட்டகையில் விழுந்தது, அடுப்பில் மிஞ்சியது, குளித்து ஓடியது எல்லாம் சேர்ந்து காயாக வந்தன. இன்று ஒரு பை மண்புழு உரத்துக்கும் தென்னை நார்த் தூளுக்கும் கொடுக்கிற விலையைப் பார்க்கும்போது, நம் ஊர் மிச்சங்களை நாம் மறந்துவிட்டோமே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வேலி முழுவதும் உபயோகமான செடிகள்தான். ஆடாதோடையை ஆடு மாடு வாய் வைக்காது, அதனால் தெருப்பக்கம் அது. தோட்டத்தின் பின்பக்கம் நொச்சி. நொச்சி இலையை ஆயா நெல் குதிரிலும் பயறுப் பானையிலும் போட்டு வைப்பாள், வண்டு விழாமல் இருக்க. மழைக்காலச் சாயங்காலங்களில் அதையே வரட்டித் தணலில் போட்டுக் கொசுவுக்குப் புகை போடுவாள். யாருக்காவது தலை பாரம் என்றால் அதே இலையை வெந்நீரில் போட்டு ஆவி பிடிக்க வைப்பாள். கிணற்றடியில் மருதாணி. ஆடி மாதம் வந்தால் தெருப் பெண்பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். வாய்க்கால் ஓரம் தானாக முளைக்கிற கரிசலாங்கண்ணியை யாரும் களை என்று பிடுங்கக் கூடாது. அதைச் சாறெடுத்து நல்லெண்ணெயில் காய்ச்சி, சாறு வற்றிச் சடசடப்பு அடங்கியதும் இறக்கி வடிகட்டி வைப்பாள். வெள்ளிக்கிழமை தலை முழுக்குக்குச் செம்பருத்தி இலையை அரைத்துத் தேய்ப்போம். வேலி மேல் பிரண்டை, அதன் மேல் மழைக்குத் தானாக ஏறுகிற முசுமுசுக்கை, முடக்கத்தான். அந்த வேலி ஒரு மருந்துக் கடையாக நின்றது.

பீர்க்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பந்தலில் நன்றாகத் திரண்ட ஒரு காயை ஆயா அடையாளம் வைத்து விட்டுவிடுவாள். சாம்பார் வைக்க வேறு காய் இல்லாத நாளில்கூட யாரும் அதைத் தொடக் கூடாது. கொடியிலேயே முற்றி, பழுப்பாகி, எடை குறைந்து, ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும்வரை விடுவாள். அப்புறம் அறுத்து, நுனியை உடைத்துக் குலுக்கினால் கறுப்பு விதைகள் கொட்டும். தோலை உரித்தால் நார். ஒரு காயில் வருஷத்துக்கான விதையும் உடம்பு தேய்க்க நாரும் கிடைத்துவிடும். இன்று கடைகளில் அந்த நாரைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்கிறார்கள். எங்கள் வீட்டில் குளியலறை ஆணியில் ஒன்று, பாத்திரம் விளக்குகிற இடத்தில் ஒன்று எப்போதும் தொங்கும்.

விதை பத்திரப்படுத்துவது அவளுடைய கைவேலைகளில் நான் ஆசையாகப் பார்த்தது. பரங்கி, சுரை, பீர்க்கு விதைகளைச் சாணி உருண்டையில் பதித்து மாட்டுக் கொட்டகைச் சுவரில் அப்பிவிடுவாள். எறும்பும் எலியும் அண்டாது. ஆடி பிறந்ததும் உருண்டையைப் பெயர்த்து, ஊறவைத்து, அப்படியே குழியில் வைத்தால் முளைக்கும்போதே அதற்கு எரு கூட இருக்கும். கத்தரி விதைக்குச் சாம்பல். நன்றாக மஞ்சள் பாரித்த பழக் கத்தரியைப் பிசைந்து, கழுவி, நிழலில் உலர்த்தி, சலித்த சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுவையில் போட்டு உறியில் கட்டுவாள். அவரை, காராமணி விதைகளுக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பாள். கேட்டவர்களுக்கெல்லாம் விதை கொடுப்பாள். ஆனால் கடைசிப் பிடியைக் கொடுக்க மாட்டாள். “போயி நாளைக்கு வா, எடுத்து வைக்கிறேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டு, பாதியைப் பிரித்து உள்ளே வைத்துவிட்டு, மறுநாள் மீதியைக் கொடுப்பாள்.

தென்னார்க்காட்டைப் பிரித்து விழுப்புரம் தனி மாவட்டம் ஆன 1993இல் கல்யாணமாகி நான் விழுப்புரம் வந்தேன். நாற்பது கிலோமீட்டர் தூரம்தான். தோட்டக் கணக்கில் அது வேறு நாடு. ஊரின் தெற்கே பெண்ணையாற்றுப் பக்கம் எங்களுக்கு வீடு. மண் கறுப்பு, களிப்பு; ஒரு நாள் மழைக்கு மூன்று நாள் தண்ணீர் நிற்கும். ஆயா வழியில் பள்ளப் பாத்தி எடுத்தால் இங்கே வேர் அழுகும். எங்கள் மாமியார் தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் கை வைத்தவர். அவர் பாத்தியை முழங்கால் உயரத்துக்கு மேடாக்கி, நடுவில் வாய்க்கால் விட்டிருந்தார். கத்தரி மேட்டின் தோளில், கீரை மேட்டின் உச்சியில், வாய்க்காலின் ஈரத்தில் சேம்பு. “தண்ணி வர்றதுக்கு வழி வைக்கிறதோட போறதுக்கும் வழி வைக்கணும்மா” என்று முதல் ஆடியிலேயே சொல்லித் தந்தார். திண்டிவனத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தோண்டியவள், விழுப்புரத்தில் தண்ணீரை வெளியேற்ற மேடு கட்டினேன். எந்தப் புத்தகமும் எந்த விதைப் பொட்டலமும் இதைச் சொல்லாது. நம் மண் எப்படிப்பட்டது என்று பார்க்க ஒரு குழி வெட்டி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனித்தால் போதும்.

இங்கே மல்லாட்டைத் தோலின் இடத்தைக் கரும்புச் சோகையும் ஆலைக் கழிவு மண்ணும் பிடித்துக்கொண்டன. முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை இருப்பதால் கரும்புச் சாற்றை வடிகட்டும்போது மிஞ்சுகிற பிரஸ்மட் விவசாயிகள் மூலம் கிடைத்தது. புதிதாக வரும்போது அது சூடாக இருக்கும், நாறும். ஒரு மூலையில் குவித்து, தண்ணீர் தெளித்து, சில மாதம் புரட்டிப் போட்டு, சூடு முழுவதும் ஆறி, மண் வாசனை வந்த பிறகுதான் பாத்திக்கு எடுப்போம். களிமண்ணை அது பொலபொலவென்று ஆக்கியது. அந்த மேட்டுப் பாத்தியில் விளைந்த கத்தரிக்காயை நெத்திலிக் கருவாட்டோடு போட்டு மாமியார் வைத்த குழம்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

2009, 2010 வாக்கில் எங்கள் தெருவில் ஒரு பப்பாளி மரம் பாக்கி இல்லாமல் வெள்ளை வெள்ளையாக மாவு அப்பியது. பப்பாளியோடு நிற்கவில்லை, செம்பருத்தி, மரவள்ளி, கொய்யா, கத்தரி என்று பரவியது. சோப்புக் கரைசல் தெளித்தோம், வேப்பெண்ணெய் தெளித்தோம், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தோம். அன்று குறையும், ஒரு வாரத்தில் மறுபடி அப்பும். 2008இல் கோயம்புத்தூரில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி அது. வெளிநாட்டிலிருந்து எதிரி இல்லாமல் வந்து சேர்ந்ததால் அதற்கு இங்கே கட்டுப்பாடே இல்லை. 2010இல் பியூர்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட அசிரோபேகஸ் பப்பாயே என்கிற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவியைப் பெருக்கி, வேளாண் பல்கலைக்கழகம் மாவட்டம் மாவட்டமாக விட்டது. மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்றுவிடுகிற குளவி அது. அதற்குப் பிறகு வந்த பருவங்களில் பப்பாளி மறுபடி பச்சையானது. அன்றிலிருந்து எங்கள் தோட்டத்தில் கடுமையான பூச்சிமருந்து எதுவும் நுழையவில்லை. நாம் அடிக்கிற விஷம் முதலில் கொல்வது இப்படிப்பட்ட சின்னக் குளவிகளைத்தான். அவரைக்கொடியில் அசுவினி வந்தால் பனி ஈரத்தோடு காலையில் சாம்பல் தூவுகிறேன். முருங்கையில் கம்பளிப்பூச்சி அடையடையாகத் தண்டில் இறங்கி உட்காரும்போது, ஒரு கழியில் துணி சுற்றிச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் துடைத்து வாளியில் தள்ளிவிடுகிறேன். பாகற்காய்க்குப் பழ ஈ தொந்தரவு உண்டு. பிஞ்சிலேயே ஒரு காகித உறை மாட்டிவிட்டால் தப்பிக்கும்.

உரத்தில் பிற்காலத்தில் சில புதிய பழக்கங்கள் சேர்ந்தன. இயற்கை விவசாயத்தைப் பற்றி நம்மாழ்வார் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கொடுமுடி டாக்டர் நடராஜன் உருவாக்கிய பஞ்சகவ்யாவை இங்கேயும் பலர் தயாரிக்கத் தொடங்கினார்கள். பத்து லிட்டர் தண்ணீருக்கு முந்நூறு மில்லி என்பது கணக்கு. எனக்கு அதைவிட மீன் அமிலம் சுலபமாகப் பட்டது. மீன் கழிவும் வெல்லமும் சம எடை. வாய் அகன்ற பாத்திரத்தில் போட்டு மூடி நிழலில் மூன்று வாரத்துக்கு மேல் வைத்தால் நாற்றம் போய்ப் பழவாசனை வரும். லிட்டருக்கு ஐந்து மில்லி கலந்து தெளித்தால் கீரையின் நிறமே மாறும். மரச்செக்கில் கேட்டு வாங்குகிற கடலைப் பிண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் விட்டுக் கரைத்து ஊற்றுவதும் நல்ல பலன் தரும். புளித்த மோர் கறிவேப்பிலைக்கு. கறிவேப்பிலை முதல் இரண்டு வருஷம் பொறுமையைச் சோதிக்கும். இடுப்பு உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைத்து அடர்த்தியாகும்.

பிறகு சொந்த வீடு கட்டினோம். தரையில் இடம் சுருங்கியது, மொட்டை மாடி கிடைத்தது. தோட்டக்கலைத் துறை 2013–14 வாக்கில் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டப் பைகளும் தென்னை நார்க் கட்டியும் விதையும் சேர்த்துத் தொகுப்பாகக் கொடுக்கத் தொடங்கி, பிறகு மற்ற ஊர்களுக்கும் அது வந்தது. நல்ல திட்டம். பலருக்கு அதுதான் முதல் செடி. மாடியைப் பொறுத்தவரை நான் மூன்று விஷயங்களில் கண்டிப்பு. எடை முதலாவது: இருபது லிட்டர் பெயிண்ட் வாளியில் நனைந்த தோட்ட மண் நிரப்பினால் முப்பது கிலோ தாண்டும், அதனால் பாதி நார்த்தூள் கலக்க வேண்டும், வாளிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல் சுவர் ஓரமாக வைக்க வேண்டும். நார்த்தூளை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசி உப்பை வெளியேற்றிய பிறகே கலக்க வேண்டும். சித்திரை வெயிலில் விழுப்புரம் மாடி தாங்காது. பாதி நிழல் தருகிற பச்சை வலை கட்டாமல் அங்கே கீரைகூட வராது.

மாடிக்குத் தேனீ குறைவாகத்தான் வருகிறது. பீர்க்கும் சுரையும் பூத்துக் கொட்டும், காய் பிடிக்காது. அதற்கு நாமே கை கொடுக்க வேண்டும். பீர்க்கன் பூ சாயங்காலம் மலரும், சுரைப் பூவும் பொழுது சாயும்போதுதான். பரங்கிப் பூ விடியற்காலையில். பூவுக்குக் கீழே பிஞ்சு இருந்தால் பெண், வெறும் காம்பாக இருந்தால் ஆண். ஆண் பூவைப் பறித்து இதழை மடித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவினால் போதும். விதைக்கு விடுகிற காயாக இருந்தால், மலர்வதற்கு முன்னால் இரண்டு பூக்களையும் நூலால் கட்டி வைத்து, மலரும் நேரத்தில் அவிழ்த்துத் தடவி, மறுபடி பெண் பூவைக் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் பக்கத்து வீட்டு ரகம் கலந்துவிடும். சுரையில் இந்தக் கவனம் ரொம்ப முக்கியம். சமைப்பதற்கு முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லி எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கும் பழக்கியிருக்கிறோம். கசந்தால் முழுக் காயையும் தூக்கிப் போட்டுவிட வேண்டும், அந்தக் கசப்பு உடம்புக்குக் கேடு. அந்தக் கொடியிலிருந்து விதையும் எடுக்கக் கூடாது.

இந்தப் பகுதியில் தோட்டம் வைத்தவர்கள் புயலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. எங்கள் தெருவில் நின்ற முருங்கை ஒவ்வொன்றும் நடுவில் ஒடிந்தது. முருங்கை மரம் காற்று தாங்காது. ஆனால் ஒடிந்த கிளைதான் அதற்கு விதை. கை கனத்துக் கிளைகளை ஒரு ஆள் உயரத்துக்கு வெட்டி, வெட்டிய முனையில் சாணி அப்பி, ஆளுக்கு இரண்டு போத்தாக எடுத்துப் போய் நட்டோம். அன்று விழுந்த ஒரு மரத்தின் பிள்ளைகள் இன்று பல வீடுகளில் காய்த்துக்கொண்டிருக்கின்றன. விதை போட்டு ஆறு மாதத்தில் காய்க்கிற பெரியகுளத்து பி.கே.எம். 1 நல்ல ரகம்தான், காய் நீளம், மகசூல் அதிகம். குழம்புக்கு எனக்கு அந்தப் பழைய மர முருங்கையின் சதை வேண்டும். அது போத்தில்தான் வரும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. காற்றைவிட மழை. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. திண்டிவனத்தில் வீடுகளுக்குள் தண்ணீர். சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீரும் சேர்ந்து பெண்ணையாறு கரை மீறி, அரசூர் அருகே திருச்சி நெடுஞ்சாலை மூழ்கியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தை வெள்ளம் எட்டியதால் ரயில்கள் நின்றன. ஊரில் எத்தனையோ பேர் வீட்டையும் மாட்டையும் பயிரையும் இழந்திருந்தார்கள். அந்த நேரத்தில் என் செடிகளைப் பற்றி யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தது இது: பப்பாளி முதலில் போயிற்று, அதன் வேர் இரண்டு நாள்கூட நீரில் நிற்காது. மிளகாயும் கத்தரியும் வாடி உதிர்ந்தன. சேம்பு ஒன்றும் நடக்காதது போல நின்றது. நொச்சி, ஆடாதோடை, வேலிப் பிரண்டை மூன்றும் பிழைத்தன. மாமியாரின் மேட்டுப் பாத்தி முறையில் உயர்ந்து நின்ற ஒரு வரிசை மட்டும் கரையவில்லை. சேற்றை வழித்து, மண்ணைக் கிளறிக் காயவிட்டு, சாம்பல் தூவி அரைக்கீரையும் சிறுகீரையும் விதைத்தோம். தை பிறப்பதற்குள் தெருவில் நாலு வீட்டுக்குக் கீரை கொடுக்க முடிந்தது. வெள்ளம் வந்த ஊரில் முதலில் விதைக்க வேண்டியது கீரைதான். மூன்று நான்கு வாரத்தில் தட்டுக்கு வந்துவிடும்.

அந்தக் கீரைக்கு விதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு டப்பாக்கள் ஈரமாகிவிட்டன. திண்டிவனத்தில் எங்கள் சித்தி வீட்டுப் பரணில் இருந்த விதைதான் வந்தது. நான் எப்போதோ கொடுத்து, அவர்கள் விதைத்து, மறுபடி எடுத்து வைத்தது. ஆயா ஏன் பாதியை வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தாள் என்பது அன்று விளங்கியது. ஆரோவில்லில் பெர்னார்டும் தீபிகா குந்தாஜியும் பெப்பிள் கார்டன் என்ற பெயரில் சரளை மண்ணை உயிர்ப்பித்து, நாட்டுக் காய்கறி விதைகளைக் காத்து, கேட்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அதைப் பெரிய வேலையாக நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு இடத்தில் எல்லா விதையும் இருப்பதைவிட, நூறு வீட்டில் ஒவ்வொரு விதை இருப்பது பத்திரம்.

சமையலறையில் இந்தச் செடிகள் என்ன ஆகின்றன என்று கேட்கிறவர்கள் உண்டு. முசுமுசுக்கை இலையைப் புழுங்கலரிசியோடும் மிளகு சீரகத்தோடும் அரைத்துக் கெட்டியான அடை. முடக்கத்தான் தோசைக்கு மாவில் இலையை அரைத்துக் கலக்க வேண்டும், சுட்ட பிறகு கசப்பு தெரியாது. தூதுவளையின் முள்ளை நீக்கி நெய்யில் வதக்கி ரசம். கற்பூரவள்ளி இலையில் பஜ்ஜி போட்டால் பிள்ளைகள் மறுபடி கேட்பார்கள். புளிச்சக்கீரையைப் பச்சை மிளகாயும் பூண்டும் போட்டுக் கடைந்து, சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் விழுப்புரம் பக்கத்து வீடுகளில் வேறு குழம்பு தேவையில்லை. பிரண்டைக்கு மட்டும் பக்குவம் வேண்டும். இளம் தண்டாகப் பார்த்து ஒடித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நாரை உரித்து, நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கி, புளி தாராளமாக வைத்து அரைக்க வேண்டும். புளியிலும் வதக்கலிலும் குறை வைத்தால் தொண்டை அரிக்கும். இவை எல்லாம் சாப்பாடு. காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் டாக்டரிடம்தான் போக வேண்டும் என்று என்னிடம் செடி வாங்குகிறவர்களிடம் தவறாமல் சொல்கிறேன்.

சந்தேகம் இருந்தால் திண்டிவனத்தில் இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள், அது நம் மாவட்டத்துக்கான நிலையம். செடி வேண்டுமென்றால் நாற்றுப் பண்ணைக்குப் போவதற்கு முன் தெருக்கோடியில் பழைய வீட்டு வேலியைப் பாருங்கள். பாதி மூலிகை அங்கேயே நிற்கும். கேட்டால் எந்தப் பாட்டியும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். வருகிற ஆடியில் ஒரு பீர்க்கன் விதையாவது ஊன்றுங்கள். முதலில் நன்றாகத் திரளும் காயைப் பறிக்காமல் விட்டு, முற்றியதும் நாரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். விதையில் பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள், மீதியைச் சாம்பலில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி, தண்ணீர் ஏறாத உயரத்தில் வையுங்கள்.